கையெழுத்துப் போடாத நாடு, கையெழுத்துக் கேட்கும் நாடு

2025 மே 17, ஒரு வாசகர் கேட்டது:
"அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் ஏறக்குறைய 190 நாடுகள் இருக்கின்றன. இந்தியா மட்டும் வெளியே நின்றுகொண்டு ‘நாங்கள் பொறுப்பான அணு ஆயுத நாடு’ என்கிறது. பொறுப்பு இருந்தால் கையெழுத்துப் போட வேண்டியதுதானே? போடாமலே பொறுப்பு பேசுவது ஏமாற்று வேலை இல்லையா?"

மே 17, இரவு

இந்தியா மட்டும் இல்லை. பாகிஸ்தான், இஸ்ரேல், தெற்கு சூடான் ஆகியவையும் போடவில்லை. வடகொரியா போட்டுவிட்டு 2003இல் வெளியேறுகிறேன் என்றது.

அடுத்தது, நாம் நினைத்தாலும் இப்படியே போய்ப் போட முடியாது. அந்த ஒப்பந்தத்தில் ஒரு கடைசித் தேதி இருக்கிறது: 1967 ஜனவரி 1. அதற்கு முன்பு குண்டு செய்து வெடித்துப் பார்த்தவர்கள்தான் ‘அணு ஆயுத நாடு’. சீனா 1964 அக்டோபரில் வெடித்தது, உள்ளே போய்விட்டது. நாம் வெடித்தது 1974இல். இப்போது போய் நின்றால் ‘குண்டு இல்லாதவர்கள்’ வரிசையில்தான் நிற்க வேண்டும். இருப்பதைக் கழற்றிப் போட்டு, எல்லா உலைகளையும் சர்வதேச ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டுத்தான் பேனாவை எடுக்க முடியும்.

பதிலுக்கு அந்த ஐந்து பேர் (அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா) கொடுத்தது ஆறாவது பிரிவு. ஆயுதக் குறைப்புக்கு நல்ல மனத்தோடு பேச்சு நடத்துவோம் என்று அதில் இருக்கிறது. ஒப்பந்தம் அமலுக்கு வந்தது 1970இல். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே ஏமாற்று வேலை இல்லை. அவ்வளவுதான் என் பதில்.

மே 18

அவ்வளவுதான் என்று நேற்று எழுதினேன், ஆனால் இன்றைக்கு மே 18. ராஜஸ்தான் பொக்ரானில் நம் முதல் அணுச் சோதனை நடந்து 51 வருடம். புத்த பூர்ணிமா அன்று வெடித்ததால்தான் ‘சிரிக்கும் புத்தர்’ என்று பெயர் வந்தது.

அன்று காலை 8 மணிக்கு வெடிக்க வேண்டியது. கடைசிச் சோதனைக்குப் போன ஒருவரின் ஜீப் கிளம்பவில்லை. எல்லோரும் காத்திருந்து 8.05க்கு வெடித்தார்கள். நாட்டின் அணுக் கொள்கை ஐந்து நிமிடம் ஒரு ஜீப்பின் கையில் இருந்தது. அம்பத்தூரில் பட்டறை நடத்துகிறவன் என்பதால் எனக்கு இந்தக் கதையில் தனிப் பிரியம். என் வேலையில் ஒருநாளும் எட்டு மணி எட்டு மணிக்கு வந்ததில்லை.

மே 20

பஞ்சாங்கம் பார்க்கும் பெரியவர் ஒருவர் நேற்று எழுதினார்: "தம்பி, 1974 மே 18 பௌர்ணமியே இல்லை." முதலில் சிரித்தேன். புத்தகங்களிலேயே அப்படித்தானே எழுதியிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1974 ஜூன் 20இல் முழுச் சூரிய கிரகணம், ஆஸ்திரேலியாப் பக்கம் தெரிந்தது. கிரகணம் என்றால் அமாவாசை. அங்கிருந்து இருபத்தொன்பதரை நாள் பின்னால் வந்தால் முந்தைய அமாவாசை மே 21 நள்ளிரவை ஒட்டி வருகிறது. ஆக மே 18 தேய்பிறை. பௌர்ணமி போய் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கிறது.

பொக்ரானில் இரண்டாவது தடவை வெடித்த 1998 மே 11தான் உண்மையான புத்த பூர்ணிமா. இரண்டையும் குழப்பிக் கொண்டிருக்கிறோம், நான் மட்டும் இல்லை, ஊரே. மே 18ஆம் தேதிக் குறிப்பை அழிக்கவில்லை, தப்பு தப்பாகவே இருக்கட்டும்.

பெரியவருக்கு ஒரு கும்பிடு.

மே 23

1998 என்று சொன்னதும் கை அரிக்கிறது. அப்போது நான் திருச்சியில் பாலிடெக்னிக் கடைசி வருடம். மே 11 திங்கட்கிழமை. சாயங்காலம் டீக்கடை டிவியில் வாஜ்பாய் வந்தார். பிற்பகல் 3.45க்கு மூன்று சோதனைகள் என்று நாலு வரிதான் படித்தார். டீ மாஸ்டர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார். நாங்கள் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டு ஜிலேபி வாங்கிப் பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். ஒரு அம்மா மட்டும் வாங்கவில்லை. "எதுக்குப்பா?" என்று கேட்டார். "குண்டு வெடிச்சிருக்கோம்மா" என்றேன். "யார் மேல?" என்றார்.

அப்புறம் கதை கதையாக வந்தது. அப்துல் கலாம் ‘மேஜர் ஜெனரல் பிருத்விராஜ்’ என்ற பெயரில் ராணுவ உடையில் இருந்தார், அணுசக்தி ஆணையத் தலைவர் ஆர். சிதம்பரம் ‘நட்ராஜ்’. அமெரிக்கச் செயற்கைக்கோள் மேலே இல்லாத நேரமாகப் பார்த்து வேலை செய்தார்கள். 1995இல் அந்தச் செயற்கைக்கோள் பார்த்துவிட்டதால்தான் நரசிம்ம ராவ் சோதனையை நிறுத்த வேண்டி வந்தது. குழிகளில் ஒன்றுக்குக் கும்பகர்ணன் என்று பெயர். ராமேஸ்வரத்துக்காரர், மெட்ராஸ்காரர், கும்பகர்ணன். இருபது வயதில் இதைவிட என்ன வேண்டும்?

மே 28இல் சாகையிலும் 30இல் காரான் பாலைவனத்திலும் பாகிஸ்தான் வெடித்தது. அன்று யாரும் ஜிலேபி வாங்கவில்லை.

மே 23, கொஞ்சம் கழித்து

கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், கும்பகர்ணன் குழியில் இருந்தது சின்னது, ஒரு கிலோ டன்னுக்கும் (ஆயிரம் டன் டி.என்.டி. வெடிமருந்தின் பலம்) கீழே. பெரியதற்கு வெள்ளை மாளிகை என்று பெயர்.

மே 30

தடை என்றால் என்ன என்று எனக்கு 1999இல் தெரிந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வால்வு கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்திருந்தேன். ஒரு அரசு ஆய்வுக்கூடத்துக்கு ஒரு டெஸ்ட் பெஞ்ச் செய்து கொடுக்க வேண்டும். அதற்கு நாலு பிரஷர் சென்சார் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். முன்பணம் கட்டியாகிவிட்டது. ஒரு பேக்ஸ் வந்தது: எண்ட் யூசர் சர்டிபிகேட் (சாமானைக் கடைசியில் யார், எதற்குப் பயன்படுத்துவார் என்ற சான்று) அனுப்புங்கள். அனுப்பினோம். அடுத்த பேக்ஸ்: இந்தப் பெயர் பட்டியலில் இருக்கிறது, அனுப்ப முடியாது.

அணுச் சோதனைக்காக 1998 நவம்பரில் அமெரிக்கா ஏறக்குறைய இருநூறு இந்திய அமைப்புகளைத் தடைப் பட்டியலில் போட்டிருந்தது. எங்கள் முதலாளி பேக்ஸ் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், வேறு ஏதாவது எழுதியிருக்குமோ என்று. "டேய், தண்ணி பிரஷர் பார்க்கிற சாமான்டா இது" என்றார். முன்பணம் திரும்பி வர எட்டு மாதம் ஆனது. 2001 செப்டம்பருக்குப் பிறகு தடைகள் பெரும்பாலும் விலகின. முதலாளி அந்தச் சென்சாருக்குப் பதில் கோயம்புத்தூரில் ஒருவரிடம் செய்து வாங்கிவிட்டார். முதலிரண்டு ஒழுகியது, மூன்றாவது நின்றது.

நான் அன்று முதல் ஒரே கட்சி. நம்மைப் பார்த்து ‘எதற்கு வாங்குகிறாய்?’ என்று கேட்க இவன் யார்? அந்தக் கட்சியில்தான் மே 17ஆம் தேதிக் குறிப்பை எழுதினேன்.

ஜூன் 1

முதல் கேள்வியில் இருந்த ‘ஏமாற்று’ என்ற சொல் உறுத்திக்கொண்டே இருக்கிறது. கொஞ்சம் பின்னால் போகிறேன்.

1954இல் அமெரிக்கா பிகினி தீவில் வெடித்துச் சாம்பல் ஜப்பானிய மீன்பிடிப் படகில் விழுந்தது. அடுத்த மாதமே சோதனையை நிறுத்துங்கள் என்று நாடாளுமன்றத்தில் கேட்டவர் நேரு. 1962இல் ராஜாஜி, வயது 83, இதே கோரிக்கையோடு வாஷிங்டன் போய் கென்னடியைப் பார்த்தார். அடுத்த வருடம் வளிமண்டலச் சோதனையைத் தடைசெய்யும் ஒப்பந்தம் வந்தது. இந்தியா அதில் உடனே கையெழுத்துப் போட்டது. அதாவது கையெழுத்தே போடாத வம்சம் இல்லை நாம்.

1964 அக்டோபரில் சீனா வெடித்த எட்டாம் நாள் அணுசக்தி ஆணையத் தலைவர் ஹோமி பாபா வானொலியில் பேசினார். பத்து கிலோ டன் குண்டு ஒன்றுக்குப் பதினேழரை லட்ச ரூபாய்தான் ஆகும் என்றார். அது குண்டுக்கான கணக்கு மட்டும். உலை, புளூட்டோனியம் பிரிக்கும் ஆலை, விமானம் எதுவும் அதில் சேரவில்லை. பட்டறைக்காரனுக்கு இந்தக் கொட்டேஷன் நன்றாகப் புரியும். ‘மேட்டர் இவ்வளவுதான் சார், டை செலவு தனி’.

இப்போது உறுத்தும் இடம். 1974 குண்டுக்கான புளூட்டோனியம் டிராம்பேயில் இருந்த சைரஸ் உலையிலிருந்து வந்தது. உலை கனடா கொடுத்தது, அது ஓடத் தேவையான கனநீர் அமெரிக்கா கொடுத்தது. இரண்டும் ‘அமைதி வேலைக்கு மட்டும்’ என்ற பேச்சில். நாம் ‘அமைதியான அணு வெடிப்பு’ என்று பெயர் வைத்தோம். கனடா கோபித்துக்கொண்டு அணுசக்தி உறவை முறித்தது. என்னிடம் ஒருவர் வயலுக்கு மோட்டார் வேண்டும் என்று வாங்கிப்போய் மணல் அள்ள வைத்தால் எனக்கும் கோபம்தான் வரும்.

சரி, கேட்டவருக்கு இந்த ஒரு விஷயத்தில் கால்வாசி மதிப்பெண்.

இந்தியா மாதிரி இன்னொருவர் கிளம்பக் கூடாது என்றுதான் அணுப்பொருள் வழங்கும் நாடுகளின் குழுவே, என்.எஸ்.ஜி., உருவானது. நம்மால் உருவான வேலியில் நாமே முப்பது வருடம் மாட்டிக்கொண்டோம்.

ஜூன் 3

"கால்வாசிதானா?" என்று கேட்டிருக்கிறார். முழுசும் கேட்டால் அழுவேன்.

ஜூன் 8

வேலியால் நமக்கு நன்மையும் வந்தது என்று சிலர் சொல்கிறார்கள். கல்பாக்கம் அதற்கு உதாரணம். அங்கே இருக்கும் சிறிய வேக ஈனுலை (எரிபொருளை எரித்துக்கொண்டே புது எரிபொருளும் உண்டாக்கும் உலை) பிரெஞ்சு வடிவம். 1974க்குப் பிறகு அதற்கான செறிவூட்டிய யுரேனியம் வரவில்லை. நம்மவர்கள் புளூட்டோனியம்-யுரேனியம் கார்பைடு எரிபொருளைச் செய்து 1985இல் ஓடவிட்டார்கள். உலகில் வேறு யாரும் அதைப் பிரதான எரிபொருளாக வைத்து ஓட்டத் துணியாத நேரம். கோயம்புத்தூர் சென்சார் கதைதான், பெரிய அளவில்.

அதே ஊரில் ஒரு நுணுக்கம். தமிழ்நாட்டில் இரண்டு அணுமின் நிலையங்கள். கூடங்குளத்துக்குச் சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர் வருவார், பார்ப்பார். கல்பாக்கம் மின் உலைகளுக்கு வர மாட்டார். 2006இல் அமெரிக்க அணு ஒப்பந்தத்துக்காக இந்தியா தன் 22 உலைகளைப் பிரித்தபோது 14ஐச் சிவில் என்று அந்த ஆய்வுக்குக் கொடுத்தது. கல்பாக்கம் மற்ற எட்டில் போய்விட்டது. ஈனுலைகளும் அப்படியே. அணு ஆயுதம் சுமக்கும் அரிஹந்த் நீர்மூழ்கிக்கான உலையின் தரை மாதிரி ஓடியதும் கல்பாக்கத்தில்தான். மகாபலிபுரம் போகிற வழியில் இளநீர் குடிக்க நிறுத்துகிறவர்கள் பாதிப் பேருக்கு இது தெரியாது. எனக்கும் 2009 வரை தெரியாது.

ஜூன் 15

‘அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்த மாட்டோம்’ என்று இந்தியா சொல்வது உண்மையா, சும்மாவா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

1999 ஆகஸ்டில் அணுக் கொள்கையின் வரைவு வந்தது. எழுதிய குழுவுக்குத் தலைவர் கே. சுப்ரமணியம், திருச்சியில் பிறந்தவர். 2003 ஜனவரி 4இல் அமைச்சரவைக் குழு அதைக் கொள்கையாக்கியது. நாம் முதலில் போட மாட்டோம், நம்மீது போட்டால் தாங்க முடியாத அளவுக்குத் திருப்பிக் கொடுப்போம் என்று. அதிலேயே ஒரு ஓட்டை. உயிரியல், இரசாயன ஆயுதத்தால் பெரிய தாக்குதல் வந்தால் அணு ஆயுதத்தால் பதில் தரும் உரிமையை வைத்துக்கொண்டார்கள். சீனாவின் 1964 உறுதிமொழியில் இப்படி ‘ஆனால்’ எதுவும் இல்லை. 2019 ஆகஸ்டில் ராஜ்நாத் சிங் பொக்ரானில் நின்றுகொண்டே, இதுவரை கடைப்பிடித்தோம், இனி என்ன என்பது சூழ்நிலையைப் பொறுத்தது என்றார்.

சும்மா என்று நான் சொல்ல மாட்டேன். முதலில் போடுவேன் என்கிறவன் விரலை விசையிலேயே வைத்திருக்க வேண்டும். போட மாட்டேன் என்கிறவன் குண்டை ஒரு அறையிலும் ஏவுகணையை இன்னொரு அறையிலும் வைத்துவிட்டுத் தூங்கலாம். நீர்மூழ்கி வந்தபிறகு இந்தத் தூக்கம் கொஞ்சம் கெட்டது. கடலுக்கடியில் இரண்டையும் தனித்தனி அறையில் வைக்க இடம் ஏது?

குண்டுகளின் எண்ணிக்கை கேட்டவருக்கு: சிப்ரி என்ற ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2025 தொடக்கத்தில் இந்தியா 180, பாகிஸ்தான் 170, சீனா 600. உலகம் முழுக்கப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம், அதில் பெரும்பகுதி அமெரிக்காவும் ரஷ்யாவும்.

ஜூன் 16

இன்னொன்று விட்டுப்போனது. 1998இல் வெடித்த ஹைட்ரஜன் குண்டு ஒழுங்காக வெடித்ததா? 2009இல் கே. சந்தானம், அந்தச் சோதனையிலேயே இருந்தவர், பிசுபிசுத்துவிட்டது என்றார். அணுசக்தி ஆணையத்தின் முன்னாள் தலைவர் பி.கே. ஐயங்காருக்கும் சந்தேகம். ஆர். சிதம்பரம் கடைசிவரை 45 கிலோ டன் என்று நின்றார். கல்யாண வீட்டில் சாம்பாருக்கு உப்புப் போட்டதா இல்லையா என்று மூன்று பெரியப்பாக்கள் சண்டை போடுவது மாதிரி. ருசி பார்க்க மட்டும் யாருக்கும் வழியில்லை, இன்னொரு தடவை வெடித்தால்தான் தெரியும்.

ஜூன் 17

காலையில் எழுந்ததும் மேலே எழுதியதைப் படித்தேன். சாம்பார் என்று எழுதியிருக்க வேண்டாம். பொக்ரான் பக்கத்து கேதோலாய் கிராமத்தில் வீட்டுச் சுவர்கள் விரிசல் விட்டன. அவர்களுக்கு அது வெடித்ததா என்று சந்தேகமே வந்திருக்காது.

ஜூலை 22

2008இல் இதே தேதியில் மன்மோகன் சிங் அரசு நம்பிக்கை வாக்கெடுப்பில் 275க்கு 256 என்று தப்பித்தது, அமெரிக்க அணு ஒப்பந்தத்துக்காக. செப்டம்பர் 6இல் என்.எஸ்.ஜி. நமக்கு விலக்குக் கொடுத்தது. பரவல் தடை ஒப்பந்தத்தில் (என்.பி.டி.) கையெழுத்துப் போடாமலே வெளியிலிருந்து யுரேனியம் வாங்கலாம், எட்டு உலைகளைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். வேறு யாருக்கும் கிடைக்காத சலுகை. அன்றும் நான் கை தட்டினேன், இந்தத் தடவை ஜிலேபி இல்லாமல்.

இப்போது யோசித்தால் வேறொன்று தெரிகிறது. 1988 ஜூனில் ராஜீவ் காந்தி ஐ.நா.வில் ஒரு திட்டம் வைத்தார். 2010க்குள் உலகத்தில் ஒரு அணுகுண்டும் இருக்கக் கூடாது, கட்டம் கட்டமாக எல்லோரும் ஒழிக்க வேண்டும். 1996இல் ஜெனீவாவில் இந்தியத் தூதர் அருந்ததி கோஷ் அணுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்து இப்போதும் இல்லை, பிறகும் இல்லை என்று சொன்னபோதுகூட, வல்லரசுகள் தங்கள் ஆயுதத்தை ஒழிக்க நாள் குறிக்கவில்லை என்பதுதான் வாதம். 2010 வந்தது. நாம் அந்தத் தேதியை யாருக்கும் ஞாபகப்படுத்தின மாதிரி எனக்கு ஞாபகம் இல்லை.

பந்தியில் நமக்கு இலை போடவில்லை என்று வாசலில் நின்று சண்டை போட்டோம். சிலருக்கு மட்டும் இலை போடுகிற பந்தியே தப்பு என்றும் கத்தினோம். ஓரமாக ஒரு இலை போட்டார்கள். உட்கார்ந்தோம். இரண்டாவதாகக் கத்தியது அத்தோடு நின்றுபோனது.

ஆகஸ்ட் 6

ஹிரோஷிமா, 80 வருடம். 2017இல் 122 நாடுகள் வாக்களித்து அணு ஆயுதத்தையே தடைசெய்யும் ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டுவந்தன. அந்தப் பேச்சுவார்த்தைக்கு இந்தியா போகவில்லை. இலங்கை 2023இல் சேர்ந்துவிட்டது.

தென்னாப்பிரிக்கா ஆறு குண்டு செய்து அத்தனையும் கழற்றியதே என்று ஒருவர் கேட்டார். கழற்றியது உண்மை, 1993இல் அதன் அதிபர் டி கிளர்க் அறிவித்தார். உக்ரைன் 1994இல் புடாபெஸ்டில் பாதுகாப்பு வாக்குறுதி வாங்கிக்கொண்டு தன்னிடம் இருந்த சோவியத் அணு ஆயுதங்களைக் கொடுத்தது, பிறகு நடந்தது தெரியும். இந்த இரண்டில் எது உதாரணம் என்று கேட்டால் கேட்கிறவர் எந்தப் பக்கத்து வீட்டுக்காரர் என்று பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 14

இப்போது என் கதை. இதை எழுதத்தான் நாலு மாதமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேனோ என்னவோ.

சொந்தப் பட்டறை வைத்துப் பதினாறு வருடம். போன மாதம் வளைகுடாவில் ஒரு இரசாயனத் தொழிற்சாலையிலிருந்து ஆறு வால்வுக்கு ஆர்டர். பெல்லோஸ் சீல் (கசிவைத் தடுக்கும் மடிப்புக் குழல்) வைத்தது, முழுக்க மோனல் என்ற நிக்கல் கலவை. வழக்கமாக 316 ஸ்டீலில் செய்வோம், அதில் நிக்கல் பத்துப் பதினாலு சதவீதம். மோனலில் 63க்கு மேல். எங்கள் ஏற்றுமதி ஏஜென்ட் டிராயிங்கைப் பார்த்துவிட்டு, "சார், இது ஸ்கோமெட்டுல வருமான்னு பார்த்துடுங்க" என்றார். அரசு அனுமதி இல்லாமல் ஏற்றுமதி செய்யக் கூடாத சாமான்களின் பட்டியல் அது.

பார்த்தேன். என்.எஸ்.ஜி.யின் இரட்டைப் பயன் (சாதாரண வேலைக்கும் அணு வேலைக்கும் உதவும் சாமான்) பட்டியலில் அப்படியே இருக்கிறது: ஐந்து மில்லி மீட்டர் அல்லது அதற்கு மேல், பெல்லோஸ் சீல், நிக்கல் 60 சதவீதத்துக்கு மேல். யுரேனியம் செறிவூட்டும் ஆலையில் ஓடுகிற வாயு சாதாரண உலோகத்தைத் தின்றுவிடும், நிக்கல் தாங்கும், அதனால் அந்த வரி. 2004இல் பாகிஸ்தானின் அணு விஞ்ஞானி ஏ.கியூ. கான், அணு நுட்பத்தை வெளிநாடுகளுக்குக் கொடுத்ததைத் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டபிறகு, இப்படிச் சின்னச் சின்ன சாமானாகத்தான் கடை நடந்தது என்று உலகத்துக்கு உறைத்தது. அந்த வருடமே இப்படிப்பட்ட சாமான் தவறான கைக்குப் போகாமல் தடுக்கச் சொல்லும் ஐ.நா. தீர்மானம் 1540, அடுத்த வருடம் நம் நாட்டிலும் சட்டம். இந்தியா என்.எஸ்.ஜி.யில் இன்னும் உறுப்பினர் இல்லை, ஆனால் அதன் விதிகளைப் பின்பற்றுவதாகச் சொல்லியிருக்கிறது. மே 17ஆம் தேதி கேட்டவருக்கு: ‘பொறுப்பு’ என்று டெல்லி சொல்வது பெரும்பாலும் இந்தக் காகிதத்தைத்தான்.

ஆக நான் உட்கார்ந்து அந்த வாங்குபவருக்கு மெயில் எழுதினேன். எண்ட் யூசர் சர்டிபிகேட் அனுப்புங்கள். எந்த ஆலை, எந்த லைன், எதற்கு, வேறு யாருக்கும் விற்க மாட்டேன் என்று கையெழுத்து. எழுதி முடித்துப் படித்தால் 1999 பேக்ஸின் வாசகம். அவர் நாடு என்.பி.டி.யில் இருக்கிறது. என் நாடு இல்லை. கேள்வி கேட்பது நான்.

அனுப்புவதற்கு முன் கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு அனுப்பினேன். கேட்டுத்தான் ஆக வேண்டும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அன்று கேட்டவனும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பானா என்று மட்டும் தோன்றியது.

செப்டம்பர் 15

மே 30ஆம் தேதிக் குறிப்பில் ‘கேட்க இவன் யார்’ என்று எழுதியதை நாலு பேர் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். நியாயம்தான்.

நவம்பர் 2

சோதனையைத் தொடங்குங்கள் என்று டிரம்ப் எழுதியிருக்கிறார். 1996 சோதனைத் தடை ஒப்பந்தத்தை அமெரிக்காவும் சீனாவும் இன்றுவரை உறுதிசெய்யவில்லை, ரஷ்யா 2023இல் உறுதியைத் திரும்ப வாங்கிக்கொண்டது. யாராவது ஒருவர் வெடித்தால் சந்தானம்–சிதம்பரம் வழக்கை மறுபடி திறக்க டெல்லியில் ஆள் இருப்பார்கள்.

இருட்டாகவே எழுதுகிறாய் என்றவருக்கு ஒரு விஷயம். இந்தியாவும் பாகிஸ்தானும் 1992இலிருந்து ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன, ‘இவற்றை அடிக்க மாட்டோம்’ என்ற ஒப்பந்தப்படி. கார்கில் சண்டைக்கு அடுத்த ஜனவரியிலும் நிற்கவில்லை. இந்த மே மாதச் சண்டைக்குப் பிறகு வரப்போகும் ஜனவரிக்காகக் காத்திருக்கிறேன்.

நவம்பர் 9

வாங்குபவரிடமிருந்து சர்டிபிகேட் வந்தது. உபயோகம் என்ற கட்டத்தில் ‘குளோரின் லைன்’ என்று ஒரே வரி. கீழே பேனாவால் எழுதியிருக்கிறார்: உங்கள் வால்வை வைத்து எங்களால் குண்டு செய்ய முடியும் என்று நம்பியதற்கு நன்றி.

விண்ணப்பம் போட்டாயிற்று. அனுமதி இன்னும் வரவில்லை. ஆறு வால்வும் கிரீஸ் பூசிப் பெட்டியில் கிடக்கின்றன. அனுப்ப நல்ல நாள் பார்த்துச் சொல்கிறேன் என்கிறார் பஞ்சாங்கப் பெரியவர். பௌர்ணமி வேண்டாம் ஐயா, வேறு ஏதாவது பாருங்கள்.